கீரி நுழையாத கூண்டு

கம்பிவலையின் கண்ணுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறார் சாவிக்காரர். போகவில்லை. அடுத்த கண். அதிலும் போகவில்லை. காலையில் பல் துலக்குவதற்கும் முன்னால் நடக்கிற வேலை இது. குந்தியபடியே கூண்டின் நான்கு பக்கமும் நகர்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை உள்ள கண்களை எல்லாம் விரலால் விசாரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "என் சுண்டுவிரல் போச்சுன்னா எலித்தலை போகும். தலை போச்சுன்னா எலியே போன மாதிரி. மீதி உடம்பு அதுக்கு வெறும் துணிதான், சுருட்டிக்கிட்டு வந்துடும்" என்பார். கேட்பவர் யாரும் இல்லாவிட்டாலும் சொல்வார். உள்ளே இருக்கும் கோழிகளுக்கும் ஒருவிதத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தானே அது!

பூட்டுக்குச் சாவி வெட்டுவது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருப்பக்கம் பார்த்த ஜன்னலில் ஒரு பலகை, பலகையில் ஒரு இடுக்கி, அளவு வாரியாகப் பதினோரு அரம், சுவர் நிறையத் தொங்கும் வெட்டாத சாவிகள். ஜன்னலுக்கு வெளியே நின்று விவரம் சொன்னால் போதும், உள்ளேயிருந்து கை நீளும். அந்தக் கை எப்போதும் கறுப்பு. எண்ணெயும் இரும்புத்தூளும் ரேகைக்குள் குடியேறி முப்பது வருடமாகிறது. குளித்தாலும் போகாது, சோப்புதான் கறுக்கும்.

அவர் பெருமை கையில் இல்லை, மண்டையில். ஒருமுறை வெட்டிய சாவியை மறக்கமாட்டார். எதிர்வீட்டு டீச்சர் போன வருடம் சாவியைத் தொலைத்துவிட்டு, பழைய சாவியும் இல்லாமல், பூட்டையும் கழற்ற முடியாமல் வாசலில் நின்றபோது, "ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான்தானே வெட்டினேன்? மூணாவது பல்லு மட்டும் ஆழம், அஞ்சாவது மொட்டை" என்று கண்ணை மூடிக்கொண்டு அரத்தை எடுத்தார். சாவி போட்டதும் கதவு திறந்தது. டீச்சர் வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து யாராவது எதையாவது மறந்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், "மறதிங்கிறது சோம்பேறித்தனம்" என்று ஒரு பாடம் நடத்திவிடுவார். மனைவி உப்பு போட மறந்தாலும் இதே பாடம்தான்.

கோழி வளர்க்க வந்தது நாக்கினால். கடைக்கோழி ருசிக்கவில்லை, அது என்ன தின்று வளர்ந்ததோ என்ற சந்தேகம் வேறு. ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கிவந்து, பல்பு வெளிச்சத்தில் சூடு காட்டி, மரத்தூள் பரப்பி, கொல்லைப்புறத்தில் வளர்க்கத் தொடங்கினார். கறிக்கோழி ஆறேழு வாரத்து விருந்தாளி. தின்னும், படுக்கும், எழும், தின்னும். ஐந்தாவது வாரத்தில் உடம்பு காலை முந்திவிடும். சிலவற்றுக்குக் கால் உடம்பைத் தாங்காமல் விழுந்துவிடும். விழுந்த கோழியை உடனே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மற்றவை ஏறி மிதித்தே கொன்றுவிடும்.

முதல் தடவை வாங்கிய இருபது குஞ்சுகளின் கதையை இன்றைக்கும் அவர் முழுசாகச் சொல்வதில்லை. சந்தையில் கோழிவலை என்று விற்றதை நம்பி, சுற்றிலும் அடித்து, நிம்மதியாகப் படுத்தார். விடிந்து பார்த்தால் வலைக்கு இந்தப் பக்கம் வரிசையாகக் குஞ்சுக் கால்கள். கால்கள் மட்டும்! வலையோரம் படுத்த குஞ்சுகளை எலி வெளியிலிருந்தே இழுத்திருக்கிறது, வந்தவரைக்கும் தின்றிருக்கிறது. மீதி இருந்ததை மறுநாள் பட்டப்பகலில் கீரி புகுந்து முடித்தது. ஒன்றைக்கூடத் தூக்கிப் போகவில்லை, பதினொன்றையும் கழுத்தில் கடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அவர் சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசையாமல் அப்படியே இருந்தாராம். மனைவி சொல்வாள். அவர் சொல்வது இவ்வளவுதான்: "கோழிவலைன்னு விக்கிறானே, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான். உள்ள வர்றவனுக்கு அது கொசுவலை."

அப்புறம்தான் கூண்டு கோட்டையானது. பற்றவைத்த கனத்த கம்பிவலை. அதையே மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தார். தோண்டி வருகிற ஜந்து வலையோரமாகத்தான் தோண்டும், தோண்டினால் கம்பி முட்டும், ஓரடி தள்ளித் தோண்டலாம் என்ற புத்தி அதற்கு வராது. மேலே தகரம். தீனியும் தண்ணீரும் வெளியிலிருந்தே குழாய் வழியாக உள்ளே போகும்; கதவைத் திறக்கும் வேலை அநேகமாக இல்லை. எதிரிகளுக்கெல்லாம் முறை வைத்துப் பெயரும் வைத்தார். கீரி, மாப்பிள்ளை. "வருவாரு, இருக்கிறதுல நல்லதாப் பாத்துச் சாப்பிடுவாரு, சொல்லாமக் கிளம்பிடுவாரு." எலி, பங்காளி. "ஆளு சிறுசு. ஆனா எல்லாத்துலயும் பங்கு கேப்பான்." மேலே வட்டமிடும் பருந்து இன்ஸ்பெக்டர். டீச்சர் வீட்டுப் பூனைக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை, டீச்சர் கோபித்துக்கொள்வார்.

கதவுக்குப் பூட்டு, சொல்லவே வேண்டாம், அவரே செய்தது. அதற்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவர் கழுத்துக் கயிற்றில், பனியனுக்குள். இன்னொன்று அடுப்படி ஆணியில், மனைவியின் பொறுப்பில். கோழிக்காலில் மாட்டுவதற்கும் தொழிலிலிருந்தே ஒரு வழி கண்டார்: சாவிக்கொத்தில் கோக்கிற எண் வில்லைகள். ஒன்று முதல் முப்பது வரை. முப்பது கோழியும் எண்ணோடு நடமாடும். "ஏழு இன்னிக்குச் சரியாத் தின்னலை" என்று கவலைப்படுவார், ஏதோ மகள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது போல.

இந்த முறை, குஞ்சு வாங்கிய முப்பத்தேழாம் நாள் காலை, அந்த ஏழு இல்லை.

இரண்டு தடவை எண்ணினார், மூன்றாம் தடவை விரலை நீட்டி நீட்டி எண்ணினார். இருபத்தொன்பதுதான். இறகு சிதறவில்லை. ரத்தம் ஒரு பொட்டு இல்லை. பூட்டு பூட்டியபடி தொங்குகிறது. "இவளே! மாப்பிள்ளை வந்துட்டுப் போயிருக்காரு!" என்று கத்தினார். இவளே என்பது மனைவி. அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அன்று பட்டறை திறக்கவில்லை. கூண்டைச் சுற்றித் தோண்டினார். புதைத்த வலை புதைத்த மேனிக்கு இருந்தது. துரு கூட மரியாதையாகத்தான் ஏறியிருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் இன்னொரு சுற்று வலை புதைத்து மூடினார். முப்பத்தொன்பதாம் நாள், பன்னிரண்டு இல்லை. நாற்பத்தொன்றாம் நாள், பத்தொன்பது இல்லை.

கூண்டுக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீரி ஒன்றோடு நிறுத்துகிற ஜாதி இல்லை. பசிக்குக் கொன்றால்தானே ஒன்றோடு போதும்? பூனையானால் இறகு கிடக்கும். பாம்பானால் இவ்வளவு பெரிய கோழியை விழுங்கிவிட்டு எங்கே போகும், உள்ளேயே படுத்திருக்கும். பூட்டைக் கழற்றி எடுத்துப்போய், பட்டறை வெளிச்சத்தில் பிரித்து, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார். கம்பி விட்டு நெம்பியவன் கீறல் வைக்காமல் போகமுடியாது. கீறல் இல்லை. பூட்டின் உள்ளே எல்லாம் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

"சாவி போட்டுத் திறந்திருக்கான்" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்ததும் அவரைத் தூக்கிவாரிப்போட்டது. சாவி இரண்டுதான். ஒன்று தன் நெஞ்சில். இன்னொன்று?

முப்பத்தொரு வருடம் கூடக் குடும்பம் நடத்தியவள். அவளிடம் எதையும் பூட்டி வைத்ததில்லை அவர். ஊர் வீடுகளுக்கெல்லாம் பூட்டு போட்டவர், சொந்தப் பெட்டிக்குப் பூட்டு வைத்திருக்கவில்லை. கோழி போனது போகட்டும், அவள் கைதான் அந்தக் கை என்றால் அப்புறம் எந்த முகத்தைப் பார்த்துக் காபி வாங்கிக் குடிப்பது? அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சந்தேகம் வந்தால் துணைக்கு ஆள் தேடும். அவருடையது மச்சானைத் தேடிப் பிடித்தது. மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டர். இரண்டு நடைக்கு நடுவில் ஓய்வு கிடைத்தால் அக்கா வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அன்றும் வந்தான். வழக்கம்போல, "என்ன மாமா, கோழி எல்லாம் சௌக்கியமா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"சௌக்கியம்தான். கீரிக்கு இப்ப டிக்கெட் கொடுக்கிற வேலையும் பாக்குறீங்களா மாப்ளே?"

மச்சானுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்தான். கையைக்கூடக் கழுவவில்லை. "நான் இந்த வீட்ல சோறுதான் தின்னேன் அக்கா. வேற எதையும் தின்னலை" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

மனைவி வாசல்வரை ஓடினாள், திரும்பி வந்தாள். "என் தம்பியைப் பாத்தா கேட்டீங்க?" என்றாள். கண் நிறைந்திருந்தது. பிறகு, அவர் எதிர்பார்க்காத விதமாகக் குரலைத் தாழ்த்தி, "போனது கோழிதானேங்க. விட்டுடுங்களேன். எண்ணாதீங்க இனிமே" என்றாள்.

விட்டுவிடு என்கிறாளே! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

சாவி வெட்டுகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. வெட்டாத சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கறுக்க வைத்து, பூட்டுக்குள் விட்டுத் திருகுவார்கள். எங்கே கறுப்பு அழிகிறதோ அங்கே அராவவேண்டும். சாவிக்காரர் அந்த வித்தையைத் திருப்பிப் போட்டார். புகைக்கரியை எண்ணெயில் குழைத்து, நாற்பத்து மூன்றாம் நாள் காலை, கூண்டுப் பூட்டின் துவாரத்துக்குள் குச்சியால் நிறைய அப்பினார். எந்தச் சாவி நுழைந்தாலும் கரியோடுதான் வெளியே வரும். துடைத்தாலும் பல்லிடுக்கில் தங்கும். மறுநாள் வரை கூண்டுப் பக்கமே போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை சுண்டுவிரல் சோதனைகூடச் செய்யவில்லை. நேரே எண்ணினார். இருபத்தாறு. இருபத்திரண்டாம் எண் இல்லை. பூட்டின் துவாரத்தைச் சுற்றி, அப்பிய கரி உதட்டைத் துடைத்தது போல இழுபட்டிருந்தது.

அடுப்படிக்குள் நுழைந்து ஆணியிலிருந்து சாவியை வெடுக்கென்று உருவினார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியை எடுத்துச் சாவியைத் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. பல்லிடுக்கில் ஊசியை விட்டுக் கிளறிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவையும் துடைத்தார். அப்பாடா என்று மூச்சு வந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவள் இல்லை! இவள் இல்லவே இல்லை!

"என்னைத்தான் பாத்தீங்களா?" என்றாள் மனைவி. கத்தி கையிலேயே இருந்தது.

"மன்னிச்சுக்கடி. உன் தம்பிதான் மூணாவதா ஒரு சாவி அடிச்சு வெச்சிருக்கான். இப்பவே டிப்போவுக்குப் போறேன். நாலு பேர் முன்னாடி அவன் பையை உதறிக் காட்டச் சொல்றேன்."

சட்டையைத் தேடித் திரும்பியவரை மனைவி குறுக்கே வந்து மறித்தாள்.

"போகாதீங்க. முதல்ல உங்க பனியனைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் குளித்துப் போட்ட வெள்ளைப் பனியன். நெஞ்சுக்கு நடுவே, உள்ளிருந்து வெளியே ஊறி, விரல் நீளத்துக்குக் கரி. கழுத்துக் கயிற்றை இழுத்தார். சாவி வந்தது. தலை முதல் நுனி வரை கன்னங்கரேல் என்றிருந்தது.

சாவிக்காரர் பேயறைந்தவர் போல நின்றார். கையில் இருப்பது சாவி என்பதே புரியாதவர் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் வந்த வார்த்தை, "நான் தூங்கறப்ப யாரோ கழட்டியிருக்காங்க" என்பதுதான்.

"யாரும் கழட்டலை" என்றாள் மனைவி. "நீங்கதான் திறந்தீங்க. நேத்து சாயங்காலம். இருபத்திரண்டுக்குக் கால் விழுந்துடுச்சு, விட்டா மத்ததுங்க மிதிச்சுடும், கறிக்கடையில விட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு, அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போனீங்க. நான் வாசல்லதான் நின்னேன். என்கிட்டதான் சொன்னீங்க."

"சொன்னேனா?"

"சொன்னீங்க."

"ஏழு?"

"அதையும் நீங்கதான் கொண்டு போனீங்க. பன்னெண்டைக் கொண்டுபோனப்ப மழை தூறுச்சு, குடை எடுத்துட்டுப் போங்கன்னேன்."

மழை தூறியது அவருக்கு நினைவிருந்தது. குடை நினைவிருந்தது. குடைக்குக் கீழே கோழி இல்லை. எவ்வளவு தேடினாலும் அந்தக் குடைக்குக் கீழே அவர் மட்டும்தான் நடந்துபோனார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி அன்னிக்கே சொல்லலை?"

"முதல் நாள் நீங்க விளையாடுறீங்கன்னு நெனச்சேன். மாப்பிள்ளை வந்துட்டாருன்னு கத்தினீங்களே, சும்மா என்னைச் சீண்டுறீங்கன்னு. ரெண்டாவது தடவை உங்க முகத்தைப் பாத்தேன்." அவள் நிறுத்தினாள். "நீங்க விளையாடலைங்க."

அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஆறு வருடத்துக்கு முந்திய சாவியின் மூன்றாவது பல் ஞாபகம் இருக்கிற மனிதருக்கு நேற்றைய சாயங்காலம் இல்லாமல் போகுமா! "வா, கடைக்குப் போய்க் கேட்டுடலாம்" என்று பனியனோடேயே கிளம்பினார். மனைவி துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கறிக்கடை இரண்டு தெரு தள்ளி. வழியெல்லாம் அவர் ஒரே விஷயத்தைத்தான் வேண்டிக்கொண்டு போனார்: கடைக்காரர் விழிக்கவேண்டும். என்ன கோழி, எந்தக் கோழி என்று கேட்கவேண்டும். மச்சான் திருடனாக இருந்துவிட்டுப் போகட்டும், மனைவி பொய் சொன்னவளாகக்கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைக்காரர் விழிக்கவில்லை. "வாங்கண்ணே! இன்னிக்கு எந்த நம்பர்?" என்றார் கத்தியைத் தீட்டியபடியே.

கடையின் ஓரத்தில் தனியாக ஒரு கூடை கவிழ்த்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டினார். நான்கு கோழிகள், நான்கும் உட்கார்ந்த மேனிக்கு. காலில் வில்லைகள். ஏழு. பன்னிரண்டு. பத்தொன்பது. இருபத்திரண்டு.

"நாலஞ்சு சேரட்டும், ஒரே நாள்ல வந்து வெட்டி வாங்கிக்கிறேன்னீங்க. நான் வேற தினம் இதுகளுக்குத் தீனி போட்டுக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார் கடைக்காரர். "ஆனா அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மாப்பிள்ளை ஜோக்கை நாலு தடவையும் புதுசாச் சொல்ற மாதிரியே சொன்னீங்க. பெரியவராச்சேன்னு நானும் நாலு தடவையும் சிரிச்சேன்."

அவர் குனிந்து ஏழாம் எண்ணைத் தூக்கினார். காலை நீட்டிப் பார்த்தார். மூட்டு வீங்கிப் பக்கவாட்டில் போயிருந்தது. பன்னிரண்டுக்கும் அப்படியே. நான்கும் எடுக்கவேண்டிய கோழிகள்தான். எடுக்கவேண்டிய நேரத்தில்தான் எடுக்கப்பட்டிருந்தன. எடுத்த கைகளைப் பார்த்தார். இந்தக் கறுப்புக் கைகளுக்குத் தெரிந்த ஒன்றை அவை தன்னிடம் மட்டும் ஏன் வந்து சொல்லவில்லை? கடைக்காரர் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, "என்னாச்சுண்ணே? தண்ணி வேணுமா?" என்றார்.

"நாலையும் வெட்டிக் குடுத்துடுங்க தம்பி" என்றாள் மனைவி, யாரும் வேறெதுவும் கேட்பதற்கு முன்னால்.

வெட்டி முடிக்கும்வரை அவர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துவந்து, கடைக்காரருக்கு மட்டும் கேட்கும்படி, "தம்பி, இனிமே நான் தனியா ஏதாவது கொண்டுவந்தா, வீட்டுக்கு ஒரு போன் போட்டுடு. வெச்சுட்டுப் போறேன்னு சொன்னாலும் போட்டுடு" என்றார். கடைக்காரர் தலையாட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆட்டினார்.

வெளியே வந்ததும், "உன் தம்பிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார்.

"சாப்பிட வாடான்னு சொல்லுங்க. போதும்."

"வருவானா?"

"நீங்க கூப்பிட்டா வருவான். எதுக்குன்னு நான் சொல்லிக்கிறேன்."

கறிக்கடைத் தெரு முடிகிற இடத்தில் வழி மூன்றாகப் பிரியும். முப்பத்தொரு வருடமாக அவள் எங்கே போனாலும் அவர் நாலடி முன்னால்தான் நடப்பார், திரும்பிப் பார்த்து, "என்ன, ஊர்ந்துக்கிட்டு வர்றே?" என்று அதட்டிவிட்டு மறுபடி நடப்பார். இன்று அந்த முக்கில் வந்து நின்றுவிட்டார். மூன்று தெருவிலும் அவர் பூட்டு போட்ட கதவுகள். இடது பக்கம் போனால் வீடு. தெரியாமல் இல்லை, தெரிந்தது. நேற்றும் இங்கேதான் வந்திருக்கிறார், நேற்றும் எல்லாம் தெரிந்துதான் நடந்திருக்கிறார்.

மனைவியும் நின்றாள். கை மாற்றுவதற்காகப் பையைத் தூக்கினாள். இரண்டு காது வைத்த துணிப்பை, நாலு கோழிக்கறியில் அடி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டி அதன் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார்.

"கனமில்லைங்க. நானே தூக்கிக்கிறேன்" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. அவள் முதல் அடி வைக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு நடந்தார்.